பெல்ட்டைத் தளர்த்திய கை

அத்தியாயம் 6

காற்றடிக்கும் பம்ப்பின் இரும்புக் கால் மூன்றாவது முறை இறங்கியபோது சிதம்பரம் சைக்கிள் கடைக்காரர் சிலம்பரசனின் முன்பல் ஒன்று தெறித்து, கடையின் சிமெண்டுத் தரையில் பால்ரஸ் குண்டு போல உருண்டு, அடுக்கி வைத்த டயர்களுக்கு அடியில் போய் நின்றது.

நான்காவது அடிக்காகப் பம்ப் உயர்ந்தது. இறங்கவில்லை. பின்னாலிருந்து ஒரு கை அதைப் பிடித்திருந்தது.

“போதும் கதிரவன். இவரு செத்துட்டா என் கேள்விக்கு யாரு பதில் சொல்றது?”

பிடித்திருந்தவள் பிரிசில்லா. நாற்பத்திரண்டு வயது. பதினைந்து வருடம் இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காக நொறுங்கிய வண்டிகளைப் பார்வையிட்டு, எது விபத்து, எது வேஷம் என்று எழுதிக் கொடுத்தவள். இப்போது கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் சொந்தமாகத் துப்பறிகிறாள்.

கதிரவன் திரும்பிய வேகத்தில் இடது கையை வீசினான். பிரிசில்லா குனிந்துகொண்டாள். அடி அவளுக்குப் பின்னால் வாசற்படி ஏறிக்கொண்டிருந்த இளவரசின் காதில் விழுந்தது.

இளவரசு அவளுடைய உதவியாளன். பண்ருட்டிக்காரன். காதைப் பொத்திக்கொண்டு அப்படியே படியில் உட்கார்ந்தான்.

“அடிச்சது தப்பில்ல மச்சான். ஆனா நான் இன்னும் கேஸுக்குள்ளயே வரல. இப்பதான் செருப்பக் கழட்டறேன்.”

கதிரவனுக்குச் சிரிப்பு வரவில்லை. இருபத்தாறு வயது, மேல்பட்டாம்பாக்கத்தில் பைக் மெக்கானிக். அவன் கண்கள் இரண்டு நாளாகத் தூங்காத சிவப்பில் இருந்தன. “இவன்தான்க்கா. இவன் சர்வீஸ் பண்ணிக் குடுத்த சைக்கிள்தான் எங்க மாமாவக் கவுத்துச்சு. பெல்ட் வழுக்கலன்னா அவரு தப்பிச்சிருப்பாரு.”

அவன் மாமா என்றது அக்கா கனிமொழியின் கணவன் சித்தார்த்தை. சித்தார்த் தண்ணீரைச் சோதித்துச் சான்று எழுதும் ஒரு லேப்பில் வேதியியல் நிபுணன். வீடு சிதம்பரத்தில், வேலை கடலூரில். தினமும் தன் மடக்கு சைக்கிளைக் கையில் தூக்கிக்கொண்டு பாசஞ்சர் ரயிலில் ஏறுவான். செவ்வாய்க்கிழமை மாலை சிதம்பரம் ஸ்டேஷனில் இறங்கி, சைக்கிளை விரித்து, பத்து நிமிடம்கூட ஓட்டியிருக்க மாட்டான். ஹெல்மெட் போட்ட இரண்டு பேர் பைக்கில் வந்தார்கள். முதல் வெட்டு முதுகுப்பையில் விழுந்தது. சித்தார்த் மேம்பாலத்து ஏற்றத்தில் எழுந்து நின்று பெடலை மிதித்தான். பல்லைக் கடிப்பது போல ஒரு சத்தம் கேட்டதாக ஆட்டோக்காரர்கள் சொன்னார்கள். பெடல் வெற்றாகச் சுற்றியது. அவன் விழுந்தான். அதன் பிறகு ஆறு வெட்டுகள்.

இன்று வியாழன். சிதம்பரம் ஆஸ்பத்திரியில் சித்தார்த்துக்கு உயிர் இருக்கிறது, நினைவு இல்லை. மாலை நாலு மணிக்கு அவனைப் பாண்டிச்சேரிக்கு மாற்றப் போகிறார்கள். கனிமொழியின் தாய்மாமன் அருள்முருகன் ஆம்புலன்ஸ் பேசிவிட்டார். கனிமொழி காலையில் பிரிசில்லாவிடம் சொன்னது ஒன்றுதான்: “பாதியில விட்டுட்டுப் போனவனுங்க வழியில திரும்ப வருவானுங்கக்கா. நாலு மணிக்குள்ள யாருன்னு கண்டுபிடிச்சிக் குடுங்க.”

கதிரவன் மூலையில் சாய்ந்திருந்த மடக்கு சைக்கிளைப் பார்த்தான். கைப்பிடியில் ரத்தம் காய்ந்து துருவின் நிறத்துக்கு வந்திருந்தது. போலீஸ் படம் எடுத்துக்கொண்டு போன பிறகு, அதன் மேல் ஒட்டியிருந்த கடைப் பெயரைப் பார்த்து ஓர் ஆட்டோக்காரர் இங்கே கொண்டு வந்து போட்டிருந்தார்.

“இத நான் எடுத்துட்டுப் போறேன்,” என்றான். “அக்கா கண்ணுல படக்கூடாது. கொளுத்திடறேன்.”

“நாளைக்குக் கொளுத்தலாம். இன்னைக்கு அது எனக்குச் சாட்சி.”

அவன் பம்ப்பைத் தரையில் எறிந்துவிட்டு, தன் பைக்கை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனான்.

இளவரசு ஒரு குடம் தண்ணீர் கொண்டு வந்து சிலம்பரசனின் வாயைக் கழுவினான். “பல்லக் கண்டுபிடிச்சா வச்சிக்குங்க அண்ணே. ஸ்பேர் பார்ட்ஸ் கடைதான.”

சிலம்பரசன் துப்பினார். ஐம்பது வயதுக்காரர். வலியைவிட அவமானம் அவரை அதிகமாக உலுக்கியிருந்தது. “வெள்ளிக்கிழமை நான்தாம்மா பெல்ட்ட டைட் வச்சிக் குடுத்தேன். ஆனா சரியா வச்சேன். காட்டறேன் வாங்க.”

அவர் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தினார். சங்கிலி இருக்க வேண்டிய இடத்தில் பல் வைத்த கறுப்புப் பெல்ட் ஓடியது. ஒரு வீணையின் தடித்த தந்தியைத் தொடுவது போல அவர் அதன் நடுவில் விரலால் சுண்டினார். செத்த ஒலி ஒன்று வந்தது.

“கேட்டீங்களா? இது பாடணும். செல்போன்ல ஒரு ஆப் இருக்கு. கிட்ட வச்சிச் சுண்டுனா எத்தன அதிர்வுன்னு நம்பர் காட்டும். இந்த வண்டிக்கு ஐம்பது பக்கம் இருக்கணும். சித்தார்த் தம்பி ஞாயித்துக்கிழமை அவரே சுண்டிப் பாத்து எனக்கு அனுப்புனாரு.”

வாட்ஸ்அப்பில் படம் இருந்தது. ஞாயிறு காலை ஒன்பதே கால். எண் ஐம்பத்திரண்டு. சிலம்பரசன் இப்போது போனைக் கிட்டே பிடித்துச் சுண்டினார். இருபத்தெட்டு.

“அப்போ ஞாயித்துக்கிழமைக்கு அப்புறம் யாரோ தளர்த்தியிருக்காங்க,” என்றாள் பிரிசில்லா.

“அண்ணே, தளர்ந்தா உடனே கழண்டு விழாதா? என் சைக்கிள் செயின்லாம் ஸ்கூல் போறதுக்குள்ள மூணு தபா கழலும். எங்க வாத்தியார் என் கையப் பாத்தே லேட்டுக்குக் காரணம் கண்டுபிடிச்சிருவாரு,” என்றான் இளவரசு.

“செயின் கழலும் தம்பி. பெல்ட் கழலாது. பக்கவாட்டுல நகரவிடாம நடுவுல ஒரு விளிம்பு இருக்குது பாருங்க. தளர்ந்திருந்தாலும் சமதரையில ஒழுங்கா ஓடும், ஓட்றவனுக்குத் தெரியவே தெரியாது. மேட்டுல எழுந்து நின்னு மொத்த வெயிட்டையும் போட்டாத்தான் பல்லு தாண்டும்.”

பிரிசில்லா குனிந்து பின்சக்கரத்தின் அச்சைப் பார்த்தாள். அச்சுக்குப் பின்னால் இருபுறமும் ஒரு சின்ன ஸ்குரூ. அதைத் திருகித்தான் சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்துப் பெல்ட்டை இறுக்குவார்கள். இரண்டு ஸ்குரூக்களின் தலையிலும், அரிசிமணி அளவுக்கு, மஞ்சள் பெயிண்டில் ஒரு பொட்டு.

“இது நீங்க வச்சதா?”

“இல்லம்மா. நான் எதுக்கு வைக்கப் போறேன்?”

“இப்ப இத எத்தன சுத்து திருப்புனா பழைய எடத்துக்கு வரும்?”

சிலம்பரசன் அலன் கீயைப் போட்டுப் பார்த்தார். வலது பக்கம் ஒன்றரைச் சுற்று. இடது பக்கம் ஒன்றரைச் சுற்று. பெல்ட்டைச் சுண்டினார். அது பாடியது.

அவர் முகம் மாறியது. “கரெக்டா ரெண்டு பக்கமும் சமமா தளர்த்தியிருக்கான். நாங்க அப்பிடிச் செய்ய மாட்டோம்மா. சைக்கிள் கடைக்காரன் சக்கரத்தக் கையால புடிச்சி இழுத்து, கண்ணால நேர் பாத்து, நட்ட முடுக்குவான். எந்தக் கடையிலயும் சுத்து எண்ண மாட்டான்.”

“எண்ணுறவன் யாரு?”

இளவரசு சொன்னான்: “தபால் எண்ணுறவன் தபால்காரன், தல எண்ணுறவன் கண்டக்டர். சுத்து எண்ணுறவன் கோயிலுக்குப் போறவன்க்கா.”

பிரிசில்லா மஞ்சள் பொட்டைப் போனில் படம் எடுத்தாள்.

*

செவ்வாய்க்கிழமை சித்தார்த் செம்மங்குப்பம் தொழிற்பேட்டையில் கழிவுநீர் மாதிரி எடுத்தான். பகல் முழுவதும் சைக்கிள் ஒரு கம்பெனி கேட்டில் நின்றிருந்தது. அங்கே போய்க் கேட்பது என்று முடிவு செய்தார்கள். இளவரசு தன் பழைய ஆல்டோவைக் கடலூர் சாலையில் விரட்டினான். பிரிசில்லா கனிமொழிக்குப் போன் போட்டு, கண்டதைச் சொல்லி, எங்கே போகிறோம் என்பதையும் சொன்னாள்.

“மஞ்சப் பொட்டா?” என்றாள் கனிமொழி. பக்கத்தில் ஓர் ஆண் குரல் ஏதோ கேட்டது. “ஒண்ணுமில்ல மாமா, பிரிசில்லாக்கா செம்மங்குப்பம் போறாங்களாம். அக்கா, எங்க தாய்மாமாதான். ரெண்டு நாளா இங்கயே இருக்காரு பாவம்.”

பரவனாற்றுப் பாலம் கடந்தது. புதுச்சத்திரம் தாண்டியதும் இருபுறமும் சவுக்குத் தோப்புகள். தூரத்தில் எங்கோ கடல் இருக்கிறது என்பதைக் காற்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தது. எதிரே வந்த ஒரு கறுப்பு பைக் அவர்களைத் தாண்டிப் போய், அரைவட்டம் அடித்து, காருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டது. இரண்டு ஹெல்மெட்டுகள்.

“அக்கா, நமக்குப் பாதுகாப்பு குடுத்திருக்காங்க போல.”

பைக் காரின் வலப்பக்கம் ஏறியது. பின்னால் உட்கார்ந்திருந்தவன் சட்டைக்குள்ளிருந்து வீச்சரிவாளை உருவினான். முதல் வீச்சில் ஓட்டுநர் பக்கக் கண்ணாடி சில்லுச்சில்லாக இளவரசின் மடியில் கொட்டியது. இரண்டாவது வீச்சு சீட் பெல்ட்டை அறுத்து அவன் தோளில் ஒரு சிவப்புக் கோடு போட்டது.

“வலது பக்கம் ஒடி,” என்றாள் பிரிசில்லா.

இளவரசு ஸ்டியரிங்கை ஒடித்தான். காரின் கதவு பைக்கை இடித்தது. பைக் சாலையோர மண்ணில் இறங்கி, சறுக்கி, ஓட்டியவனின் காலைத் தனக்கு அடியில் வைத்துக்கொண்டு சாய்ந்தது. எலும்பு முறிந்த ஓசை காருக்குள் கேட்டது. அரிவாள்காரன் உருண்டு எழுந்தான். கார் நிற்பதற்குள் பிரிசில்லாவின் பக்கம் வந்துவிட்டான்.

அவள் கதவைப் பாதி திறந்தாள். அவன் அரிவாளை உள்ளே விட்டான். அவள் கதவை இழுத்துச் சாத்தினாள். அவன் மணிக்கட்டு இடுக்கில் இருந்தது. அவன் அலறினான். அவள் திறந்து, இன்னொரு முறை சாத்தினாள். அரிவாள் அவள் செருப்பின் மேல் விழுந்தது.

இளவரசு தோளிலிருந்து ரத்தம் வழிய வந்து, அவனுடைய ஹெல்மெட்டையே கழற்றி, அதனாலேயே அவன் முகத்தில் இரண்டு முறை அடித்தான். மூக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. “பண்ருட்டிக்காரன அடிக்கும்போது பாத்து அடிக்கணும் மாமா. வெளிய முள்ளு, உள்ளயும் முள்ளு.”

அதற்குள் ஒரு பேருந்து பின்னால் வந்து ஹாரன் அடித்தது. அந்த ஒரு கணத்தில் அவன் கால் உடைந்தவனை இழுத்துக்கொண்டு சவுக்குத் தோப்புக்குள் புகுந்துவிட்டான். இளவரசு இரண்டு அடி ஓடி, தலை சுற்றி, ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டான்.

“விடு. பைக்க விட்டுட்டுப் போயிருக்கானுங்க.”

பிரிசில்லா கைக்குட்டையால் அவன் தோளை அழுத்திக் கட்டினாள். பிறகு கவிழ்ந்து கிடந்த பைக்கின் பின்சக்கரத்துக்கு அருகே உட்கார்ந்தாள். இன்ஜின் இன்னும் அணையவில்லை; சக்கரம் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது. இளவரசு எட்டிப் பார்த்தான்.

“அக்கா, செயின் டைட் பண்ற போல்ட்டுல மஞ்சப் பொட்டு. ரெண்டு பக்கமும். சுமங்கலி பைக்.”

“சுத்து எண்ணுறவன் யாருன்னு கேட்டேன்ல?” என்றாள் பிரிசில்லா. “பைக் மெக்கானிக். பைக்குல ஒரு பக்கம் கூடுனா சக்கரம் கோணும். அதனால ரெண்டு போல்ட்டையும் எண்ணி எண்ணித் திருப்புவான். முடிச்சதும் யாரும் தொடலன்னு தெரியறதுக்குப் பெயிண்ட் வைப்பான். கை பழக்கம். சைக்கிளத் திருட்டுத்தனமா தொட்டப்பகூட அந்தக் கை சும்மா இருக்கல.”

இளவரசு மெல்ல விசிலடித்தான். “சித்தார்த் வீட்டுக்குள்ள போய் வர்ற பைக் மெக்கானிக்.”

“ஒருத்தன்தான் இருக்கான்.”

*

மேல்பட்டாம்பாக்கத்தில் கதிரவனின் பட்டறை பாதி ஷட்டர் இறங்கியிருந்தது. உள்ளே அவன் ஒரு கழற்றிய இன்ஜினுக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தான். பக்கத்துப் பலகையில் சின்ன மஞ்சள் பெயிண்ட் டப்பா, அதில் ஒரு தீக்குச்சி.

பிரிசில்லா போனில் இரண்டு படங்களை அடுத்தடுத்துக் காட்டினாள். சைக்கிள். பைக்.

கதிரவன் எழுந்தான். அடுத்த நொடியில் இருபத்திரண்டாம் நம்பர் ஸ்பேனர் அவள் நெற்றியை நோக்கி வந்தது. இளவரசு நடுவில் புகுந்து, அடிபடாத தோளால் அவனை இன்ஜின் மேல் தள்ளினான். இருவரும் கிரீஸில் புரண்டார்கள். கதிரவன் அவன் காயத்தில் விரலை விட்டு அழுத்தினான். இளவரசு அவன் காதைக் கடித்தான்.

“காலையில இருந்து கடன் வச்சிருக்கேன்,” என்றான் வாயில் ரத்தத்தோடு. “காதுக்குக் காது.”

“உங்க மாமாவக் கொல்ல எவ்ளோ வாங்கின?” என்று கேட்டாள் பிரிசில்லா.

கதிரவனின் கைகள் விழுந்தன. அவன் தரையிலேயே கிடந்து அழுதான்.

“கொல்லவா? காப்பாத்தத்தான்க்கா செஞ்சேன்.”

ஞாயிறு மாலை இரண்டு பேர் பைக்கைச் செயின் இறுக்க விட்டார்கள். அவன் வண்டிக்கு அடியில் படுத்திருந்தபோது ஒருவனுக்குப் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டிருந்தான். செவ்வாய், ஆறு மணி ரயில், சிதம்பரம் ஸ்டேஷன், மடக்கு சைக்கிள் வைத்திருப்பவன். கதிரவன் அன்றிரவே அக்கா வீட்டுக்குப் போனான். திங்கள் முழுக்க அங்கேயே இருந்தும் சொல்ல வாய் வரவில்லை. செவ்வாய் விடியற்காலை எல்லாரும் எழுவதற்கு முன்னால் சைக்கிளின் பெல்ட்டைத் தளர்த்தினான்.

“செயின் மாதிரிதான்னு நெனச்சேன்க்கா. தெரு முனையிலயே கழண்டுரும். சைக்கிளப் போட்டுட்டு பஸ்ல போவாரு, பஸ்லயே வருவாரு. ஸ்டேஷன் பக்கமே வர மாட்டாரு. அது கழலவே இல்ல. ஜம்முனு ஓட்டிக்கிட்டுப் போனாரு. நான் மாடியில இருந்து பாத்துக்கிட்டு நிக்கறேன். சரி, ரயில்ல ஏறுறதுக்குள்ள கழண்டுரும்னு நெனச்சேன். போன் பண்றேன், எடுக்கல. சாயங்காலம் அவரு ஓட வேண்டிய நேரத்துல…”

அவன் கிரீஸ் படிந்த கையால் முகத்தை மூடிக்கொண்டான்.

“அப்புறம் எதுக்கு அந்தக் கடைக்காரர அடிச்ச?” என்றான் இளவரசு.

“என்னைய நானே அடிச்சிக்க முடியல. அவன அடிச்சேன்.”

பிரிசில்லா அவன் எதிரே குந்தினாள். “உங்க மாமாகிட்ட வாயால சொல்லியிருந்தா போதும். பெல்ட்டத் தொடற அளவுக்கு உன்னப் பயமுறுத்தினது எது? ஸ்பீக்கர்ல யாரு குரல்?”

வெளியே நெல்லிக்குப்பத்துக்குக் கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று போனது. அதன் சத்தம் முழுக்க அடங்கிய பிறகு கதிரவன் சொன்னான்.

“எங்கள வளத்தவரு. அப்பா செத்தப்புறம் எனக்கும் அக்காவுக்கும் சோறு போட்டு, இந்தப் பட்டறையும் வச்சிக் குடுத்தவரு. செம்மங்குப்பத்துல டேங்கர் லாரி ஓட்றாரு. கழிவுத் தண்ணிய சுத்தம் பண்ற எடத்துக்குக் கொண்டு போறேன்னுட்டு உப்பனாத்துல தெறந்து விடறாரு. மாமா எடுத்த சாம்பிள் அவர உள்ள தள்ளிரும்.”

இளவரசு ஜோக் எதுவும் சொல்லவில்லை. “அருள்முருகன்,” என்றான். “ஆஸ்பத்திரியில அக்கா பக்கத்துல உக்காந்திருக்கிறவரு.”

“ஆம்புலன்ஸ் பேசினவரு,” என்றாள் பிரிசில்லா. அவள் விரல்கள் ஏற்கெனவே கனிமொழியின் எண்ணை அழுத்திக்கொண்டிருந்தன.

“அக்கா, நாலு மணி வேணாம், இப்பவே கெளம்பலாம்னுட்டாரு மாமா,” என்றாள் கனிமொழி. குரலைச் சுற்றிக் காற்று இரைந்தது. “அவரோட மாமா மட்டும் ஆம்புலன்ஸ்ல இருக்காரு. எடம் இல்லன்னு நர்சையும் என்னையும் பின்னாடி கார்ல ஏத்திட்டாரு. எங்க டிரைவரு டயர்ல காத்து கம்மின்னு ஆலப்பாக்கத்துல நிறுத்திட்டான். ஆம்புலன்ஸ் கண்ணுக்கே தெரியல.”

“கனிமொழி, கேளு. அந்தக் கார விட்டு இறங்கு. எந்த வண்டி வந்தாலும் கைய நீட்டி ஏறு. நர்சையும் கூட்டிக்க.” பிரிசில்லா கதிரவனைப் பார்த்தாள். “எங்க கொண்டு போவாரு?”

“அவரு ஊர்ல மத்தவன் கண்ணு படற எடத்துல எதுவும் செய்ய மாட்டாரு. டேங்கர் யார்டு. சிப்காட் பின்னாடி.”

“எல்லாம் உங்க மாமா வேலைதான் கனிமொழி, சிப்காட் பின்னாடி அவரு யார்டுக்கு வா,” என்றாள் பிரிசில்லா போனில்.

*

ஆல்டோவுக்கு முன்னால் கதிரவன் தன் பைக்கில் பறந்தான். இளவரசு ஒரு கையால் ஓட்டியபடி போலீஸுக்கு முகவரி சொன்னான். “சார், அரை மணி நேரம்னா பொறுமையா வாங்க, பிணத்த எண்ணிக்கலாம். பத்து நிமிஷம்னா ஆளக் காப்பாத்தலாம்,” என்று சொல்லிப் போனை வைத்தான்.

யார்டின் தகரக் கேட் சாத்தியிருந்தது. கதிரவன் நிறுத்தவில்லை. பைக்கோடு தகரத்தில் மோதினான். கேட்டின் ஒரு பாதி கொக்கியைப் பிய்த்துக்கொண்டு திறந்தது. அவன் மூன்று முறை உருண்டு எழுந்தபோது முழங்காலில் எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது.

வரிசையாக டேங்கர்கள். கந்தகம் போல ஒரு நாற்றம். அவற்றுக்கு நடுவே ஆம்புலன்ஸ். சத்தத்தைக் கேட்டதும் அதன் டிரைவர் குதித்து, பின்சுவர் ஏறி ஓடினான்.

பிரிசில்லா பின்கதவைத் திறந்தாள்.

அருள்முருகன் வெள்ளைச் சட்டையில், நெற்றியில் விபூதியோடு, சித்தார்த்தின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். ஆக்சிஜன் குழாய் தரையில் கிடந்தது. அவருடைய இரண்டு கைகளும் ஒரு தலையணையை அழுத்திக்கொண்டிருந்தன. சித்தார்த்தின் கட்டுப்போட்ட கால் ஒரு மீனைப் போலத் துடித்தது.

பிரிசில்லா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவர் முழங்கையால் அவள் தொண்டையில் இடித்தார். அவள் மூச்சில்லாமல் கதவோடு சாய்ந்தாள். இளவரசு ஏற முயன்றபோது அவர் இடுப்பிலிருந்து கத்தியை உருவினார்.

கதிரவன் அவனைத் தாண்டி உள்ளே பாய்ந்தான். கத்தியை வெறுங்கையால் பிடித்தான். அது உள்ளங்கையில் எலும்பு வரை இறங்கியது. அவன் விடவில்லை.

“சோறு போட்ட கைய மடக்குறியாடா?” என்றார் அருள்முருகன். சத்தமாக அல்ல, சாப்பாட்டு நேரத்தில் கேட்பது போல.

“ஆமா மாமா.”

கதிரவன் தலையால் அவர் முகத்தில் மோதினான். மறுபடி மோதினான். இருவரும் கதவு வழியாக மண்ணில் விழுந்தார்கள். கத்தி எகிறிப் போனது. கதிரவன் அவர் மார்பில் ஏறி உட்கார்ந்து, அறுபட்ட கையாலேயே அடித்தான். ஒவ்வொரு அடிக்கும் அவருடைய வெள்ளைச் சட்டையில் அவனுடைய ரத்தம் தெறித்தது. இளவரசு அவன் இடுப்பைக் கட்டிப் பின்னால் இழுத்தான். “போதும் மச்சான். கோர்ட்டுல பேசறதுக்கு ஒரு தாடையாவது விட்டு வை.”

பிரிசில்லா தலையணையைத் தூக்கி எறிந்து, குழாயைச் சித்தார்த்தின் மூக்கில் வைத்து, சிலிண்டரைத் திறந்தாள். மார்பு அசையவில்லை. அவள் அவன் மார்பில் இரு கைகளையும் வைத்து அழுத்தினாள். எண்ணினாள். பதினெட்டில் அவன் தொண்டைக்குள் ஏதோ அறுந்தது போல ஒரு சத்தம். பிறகு மூச்சு, மோசமான, ஈரமான மூச்சு. ஆனால் மூச்சு.

உடைந்த கேட்டுக்கு வெளியே முந்திரி ஏற்றிய லாரி ஒன்று பிரேக் போட்டது. கேபினிலிருந்து கனிமொழி குதித்தாள், அவளுக்குப் பின்னால் நர்ஸ். நர்ஸ் ஓடிப்போய் ஆம்புலன்ஸில் ஏறினார். கனிமொழி கணவனின் பாதத்தைத் தொட்டாள். சூடாக இருந்தது. பிறகுதான் திரும்பி, மண்ணில் கிடக்கும் மாமனையும், ரத்தம் சொட்ட நிற்கும் தம்பியையும் பார்த்தாள்.

“மாமாதான்னு உனக்கு எப்பிடித் தெரியும்டா?”

பிரிசில்லா வாயைத் திறந்தாள். கதிரவன் தலையசைத்துத் தடுத்தான்.

“ஞாயித்துக்கிழமையே தெரியும்க்கா. சொல்லாம பெல்ட்டத் தளர்த்தினேன். அவரு விழுந்தது என்னாலதான்.”

கனிமொழி அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். இளவரசு குனிந்து தன் செருப்பைப் பார்த்தான்.

“துடிப்பு எறங்குது,” என்று நர்ஸ் உள்ளிருந்து கத்தினார். “கடலூர் பெரியாஸ்பத்திரிக்காவது போயாகணும். டிரைவர் எங்க?”

இளவரசின் தோள் வீங்கி, கை தூக்க முடியாமல் தொங்கியது. நர்ஸ் ஏறியதும் கீழே இறங்கிய பிரிசில்லா அருள்முருகனின் கழுத்தில் முழங்காலை வைத்திருந்தாள்.

கனிமொழி தன் துப்பட்டாவைக் கிழித்து, தம்பியின் உள்ளங்கையைச் சுற்றினாள். முகத்தை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

“ஏறு. ஓட்டு.”

“அக்கா, நான்…”

“எங்கிட்ட சொல்லாத. அவரு கண்ணு தொறந்ததும் அவர்கிட்ட சொல்லு. அவரு கண்ணு தொறக்கணும், அதுக்கு ஓட்டு.”

அவன் ஏறினான். அவள் பின்னால் ஏறிக் கதவைச் சாத்தினாள். ஆம்புலன்ஸ் உடைந்த கேட்டின் தகரத்தின் மேல் ஏறி இறங்கிச் சாலையைப் பிடித்தது. சைரன் பொத்தான் எதுவென்று கதிரவனுக்குத் தெரியவில்லை போலும். ஹாரனை மட்டும் விடாமல் அழுத்திக்கொண்டே போனான்.